சின்னத் தட்டுகளில் ஒரு வழியனுப்பு விருந்து

விருந்துக்கான அழைப்பு அலுவலக வாட்ஸப் குழுவில்தான் வந்தது. எங்கள் கம்பெனியின் ஸ்டோரைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்ட அண்ணாச்சிக்கு வழியனுப்பு. சனிக்கிழமை மாலை, துபாயில் கடற்கரைப் பக்கம் ஒரு ஸ்பானிஷ் உணவகம். மேலாளர் வீட்டிலிருந்து நடந்தே போகும் தூரம். மற்றவர்கள் எல்லோரும் ஷார்ஜாவிலிருந்தும் தேராவிலிருந்தும் போகவேண்டும். "என் ஃபேவரிட் இடம், எல்லாம் சின்னச் சின்னத் தட்டு, எல்லோரும் பகிர்ந்து சாப்பிடலாம், ஃபேமிலி மாதிரி" என்று அவரே எழுதியிருந்தார்.

அந்த மாதம் புரட்டாசி. அண்ணாச்சி புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கறி, மீன், முட்டை எதையும் தொடமாட்டார். அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இருந்தாலும் குழுவிலேயே நினைவூட்டினேன். மேலாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றைப் போட்டார். அதோடு முடிந்தது.

நான் அந்தக் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டல்களுக்கும் அலுவலகங்களுக்கும் உள் அலங்கார வேலை செய்யும் கம்பெனி. பலகை, கண்ணாடி, பெயின்ட் எல்லாம் ஜெபல் அலியில் ஒரு கோடவுனில் இருக்கும். நான் வாங்குவேன், அண்ணாச்சி இறக்கி வைப்பார். அவருக்கு வள்ளியூர்ப் பக்கம், எனக்குத் தூத்துக்குடி. நான் சேர்ந்தபோதே அவர் பழைய ஆள். மேலாளர் எங்களுக்கெல்லாம் பிறகு வந்தவர். சென்னையில் வளர்ந்து, லண்டனில் படித்து, வந்த கையோடு கோடவுனை மூடிவிட்டு ஸ்டோர் வேலையை வெளிக் கம்பெனி ஒன்றிடம் விடப்போவதாக அறிவித்தார். ஆகஸ்டில் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, உங்களுக்கு இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். கதவு திறந்துதான் இருந்தது. எனக்கும் கேட்டது.

விருந்தன்று அண்ணாச்சியையும் அவர் மனைவியையும் ஷார்ஜாவிலிருந்து என் காரில் கூட்டிப்போனேன். அக்கா பச்சைப் பட்டு கட்டி, மல்லிகைப்பூ வைத்திருந்தார். கணிதம் படித்தவர். பிளாட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பார். அவரிடம் படித்து இன்ஜினியரிங் போன பிள்ளைகள் பலர். முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார், அண்ணாச்சி பின்னால். வண்டி தேசியப்பூங்காப் பக்கம் திரும்புமுன்பே அக்கா ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா, நீயே சொல்லு. இவரு பாட்டுக்கு வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்து நிக்காரு. பொண்டாட்டிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணுச்சா பாரு."



"எழுதிக் குடுத்தாரா அக்கா?"

"ஆமா. முட்டு வலிக்குதாம். போதுமாம். சின்னவ காலேஜு முடிக்கல, ஊர்ல வீடு பாதில நிக்கி. இவருக்குப் போதுமாம். ஒரு மாசமா நான் ஏசாத ஏச்சு இல்ல. வாயத் தெறக்கணுமே!"

கண்ணாடியில் பார்த்தேன். அண்ணாச்சி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா முட்டுவலிக்கு ஊரில் எத்தனை வைத்தியர் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் "உம்" கொட்டினேன். அப்போதே எனக்குள் சூடு ஏற ஆரம்பித்துவிட்டது. யார் மேல் என்று தெரியவில்லை. தள்ளப்பட்டவர் தானே குதித்தேன் என்று சொல்லிக்கொண்டு, வீட்டில் ஏச்சும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தள்ளியவர் விருந்து வைக்கிறார்.

உணவகம் ஒரு பழைய இரண்டுமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம். நீலமும் வெள்ளையுமாகக் கல் பதித்த சுவர். கூரையிலிருந்து ஏதேதோ தொங்கிக்கொண்டிருந்தன. பூண்டு எண்ணெயில் பொரியும் வாசனை வாசலிலேயே முகத்தில் அடித்தது. அக்கம்பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர்கள் நாயைக் கையில் பிடித்துக்கொண்டு வெளி மேசைகளில், அந்தப் புழுக்கத்திலும், உட்கார்ந்திருந்தார்கள். மேலாளர் உள்ளே நீள மேசையின் தலையில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து கையை விரித்தார்.

"வாங்க வாங்க! ஆண்ட்டி, சூப்பரா இருக்கீங்க. உக்காருங்க. இங்க மெனு எல்லாம் பார்க்க வேண்டாம். நானே ஆர்டர் பண்ணிட்டேன்."

அலுவலகத்து ஆட்கள் ஏற்கெனவே வந்திருந்தார்கள். மேலாளர் அண்ணாச்சியை நடுவில் உட்காரவைத்தார். தட்டுகள் வர ஆரம்பித்தன. உள்ளங்கை அளவுதான் ஒவ்வொன்றும். இறால், கணவாய், மண்சட்டியில் கொதிக்கும் எண்ணெயோடு இன்னொரு இறால், மரப்பலகையில் மெல்லியதாகச் சீவிய மாட்டுக்கறி. ஆலிவ் காய் ஒரு கிண்ணம். ஒவ்வொரு தட்டும் மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கை மாறிப் போனது. அண்ணாச்சியிடம் வரும்போது அவர் வாங்கி, பார்த்து, பக்கத்து ஆளிடம் கொடுத்தார். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்போல இருந்தது. அவருக்காக வைத்த விருந்தில் அவர்தான் எல்லோருக்கும் தட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஒரு ஆலிவ் காயைக் கடித்துவிட்டுக் கொட்டையை எங்கே போடுவது என்று தெரியாமல் கைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் மேலாளரிடம், "சார், அண்ணாச்சிக்கு இன்னிக்கு சைவம். குரூப்ல சொல்லியிருந்தேனே" என்றேன்.

"அட, ஆமா! இதோ." மஞ்சளாக, வட்டமாக, கேக் மாதிரி இருந்த ஒன்றை எடுத்து அவரே அண்ணாச்சி தட்டில் வைத்தார். "இது பியூர் வெஜ். வெறும் உருளைக்கிழங்கு."

அக்கா சந்தேகமாகக் குனிந்து பார்த்தார். "முட்ட இருக்கா தம்பி?"

"நோ நோ, ஆண்ட்டி. உருளைக்கிழங்குதான். நான் வாராவாரம் சாப்பிடறேன்."

அவ்வளவு உறுதியாகச் சொன்னார். அண்ணாச்சி ஒரு துண்டை வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டார். பசி அவருக்கு. காலையிலிருந்து ஒருவேளைதான் சாப்பிட்டிருந்தார். இரண்டாவது துண்டை எடுக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். பிலிப்பைன்ஸ்காரப் பெண். "முட்டையும் உருளைக்கிழங்கும், மேடம். நிறைய முட்டை" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

அண்ணாச்சி முள்கரண்டியைக் கீழே வைத்தார். தண்ணீர் எடுத்துக் குடித்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

மேலாளர் சிரித்தார். "ஓ, எக்கா? எக் எல்லாம் இப்ப வெஜ்தானே! பெருமாள் அட்ஜஸ்ட் பண்ணிக்குவார்."

மேசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் சிரித்தவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதிரில் இருந்த அக்கவுன்ட்ஸ்காரர் என் பார்வையைக் கண்டதும் கணவாயைக் கிளற ஆரம்பித்தார். எனக்கு விரதம் கிடையாது. நான் சனிக்கிழமையும் மீன் சாப்பிடுகிறவள். ஆனால் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்லி அடுத்தவர் வாயில் போடுகிற அந்தத் தைரியம் இருக்கிறதே, அதைப் பார்த்து எனக்குக் காது மடல் எரிந்தது. கேட்டிருக்கலாம். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. கேட்கிற பழக்கமே அவருக்கு இல்லை.

பிறகு மேலாளர் கரண்டியால் கிளாஸைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பேச்சு. ஆங்கிலத்தில். அண்ணாச்சி கம்பெனியின் தூண், ஆணிவேர், குடும்பத்தின் மூத்த அண்ணன் என்றெல்லாம் சொன்னார். நடுவில் அக்காவைப் பார்த்துக் குனிந்து, "ஆண்ட்டி, புரியுதா? உங்க ஹஸ்பெண்டைப் பத்தி நல்லதா சொல்றேன்" என்று தமிழில், குழந்தையிடம் பேசுவதுபோல, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். அக்கா தலையாட்டினார்.

அடுத்ததாக அவர் சொன்னது இது: "அவரை அனுப்புவது என்று நான் எடுத்த முடிவுதான் இந்த வருடத்திலேயே எனக்கு மிகக் கஷ்டமான முடிவு. அவரைக் கூப்பிட்டுச் சொன்ன அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. ஆனால் அவர் எவ்வளவு கண்ணியமாக ஏற்றுக்கொண்டார் தெரியுமா!" கையை என் பக்கம் நீட்டினார். "இனிமேல் அந்த வெளிக் கம்பெனியோடு ஸ்டோர் சம்பந்தமான எல்லாவற்றையும் இவர் பார்த்துக்கொள்வார். இன்று இரண்டு கொண்டாட்டம்."

அதைப் பற்றி என்னிடம் அதுவரை யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். மேலாளர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பையை எடுத்து அண்ணாச்சி கையில் கொடுத்தார். உள்ளே தோலில் செய்த ஆபீஸ் பை. லேப்டாப் வைக்கிற பை. வேலையை விட்டு அனுப்புகிற ஆளுக்கு வேலைக்கு எடுத்துப்போகிற பை.

கைதட்டல் ஓய்ந்தபோது அக்கா எழுந்து நின்றிருந்தார்.

"தம்பி, நீங்க சொன்னது எனக்கு வெளங்குச்சு. நீங்கதான் இவர அனுப்புனீங்களா? இவரா எழுதிக் குடுக்கலியா?"

மேலாளரின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "ஆண்ட்டி, அது வந்து... இட் வாஸ் மியூச்சுவல்."

"மியூச்சுவல்னா ரெண்டு பேரும் சேந்து எடுக்க முடிவு. நீங்க அனுப்புதேன்னீங்க. இவரு என்ன சொன்னாரு? அதச் சொல்லுங்க."

அவர் எங்களையெல்லாம் பார்த்தார், யாராவது உதவிக்கு வருவார்களா என்று. "ஆண்ட்டி, இது அதுக்கான இடம் இல்ல. இது ஒரு ஹேப்பி அக்கேஷன்."

"எடத்த நீங்கதான புடிச்சீங்க" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. டியூஷனில் தப்பாகப் போட்ட கணக்கைப் பார்க்கும்போது இப்படித்தான் பேசுவாராக இருக்கும். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். அண்ணாச்சி மேசை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

"ஒனக்கும் தெரியும். அதான் கார்ல வாயே தெறக்கல. அவரு வேலைய நீ எடுத்துக்கிடுத."

"இல்லக்கா" என்றேன். மேலாளரைப் பார்த்தேன். ஒரு வாக்கியத்தில் என்னையும் அவருடைய ஆளாக்கி மேசையில் வைத்துவிட்டார், இன்னொரு சின்னத் தட்டு மாதிரி. "சார், நான் எப்ப சம்மதிச்சேன்? யார் எங்கிட்ட கேட்டா? நான் அந்த வேலைய எடுத்துக்கல. எல்லாரும் இருக்கும்போதே சொல்லிடறேன்."

"மண்டே பேசலாம்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இப்ப சொன்னதுக்கு இப்பவே பதில். மண்டேயும் இதான்."

நான் என் கைப்பையைத் தோளில் மாட்டினேன். எழுந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடவேண்டும் என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் அண்ணாச்சி வாயைத் திறந்தார்.

"ரெண்டு பேரும் உக்காருங்க."

நான் அவர் குரலை அவ்வளவு கனமாகக் கேட்டதே இல்லை. உட்கார்ந்துவிட்டோம். அவர் தோல்பையை அப்படியே எடுத்து மேலாளர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். "இது உங்களுக்கு உதவும்" என்றார். பிறகு அந்தப் பிலிப்பைன்ஸ் பெண்ணைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். "மெனு பிளீஸ்."

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். முட்டை இல்லை, மீன் இல்லை, கறி இல்லை, எது இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தப் பெண்ணும் உள்ளே போய் சமையல்காரரிடம் கேட்டுக்கேட்டு வந்து சொன்னாள். தக்காளி தேய்த்த ரொட்டி. கீரையும் கொண்டைக்கடலையும். எண்ணெயில் வாட்டிய பச்சைமிளகாய், உப்புத் தூவி. கத்தரிக்காய் வறுவலில் தேன் ஊற்றியது. "எல்லாத்தையும் கொண்டு வாம்மா. மூணு பேருக்கு" என்றார் தமிழிலேயே. அவளுக்குப் புரிந்துவிட்டது.

எங்களுக்கு எழுந்துபோக எவ்வளவோ வழி இருந்தது. அண்ணாச்சி போகவில்லை. மற்றவர்களாலும் போகமுடியவில்லை, ஏனென்றால் விருந்து நாயகர் இன்னும் சாப்பிடவில்லை. நீள மேசை முழுவதும் ஆறிப்போன இறால். மேலாளர் பழத்துண்டு மிதக்கும் சிவப்புப் பானத்தை ஒரு மடக்கில் குடித்தார். போனைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். அண்ணாச்சி கீரையை அக்கா தட்டில் போட்டார். அக்கா அதைத் தொடாமல் அவரையே முறைத்தார்.

"சாப்புடு" என்றார் அவர்.

"பேசாதீங்க" என்றார் அக்கா. ஆனால் சாப்பிட்டார். கத்தரிக்காயில் தேனைப் பார்த்ததும், அந்தக் கோபத்திலும், "எவன்டா இதுல தேன ஊத்துனது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து விழுங்கினேன். மிளகாய் ஒன்று உறைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது நல்லதுக்குத்தான், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

மேலாளர்தான் முதலில் எழுந்தார். குழந்தையைத் தூங்கவைக்கவேண்டும் என்று ஏதோ சொன்னார். அண்ணாச்சி எழுந்து கை கொடுத்தார். மரியாதையாகத்தான் கொடுத்தார், ஆனால் விடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டே, "அந்த உருளக்கெழங்குல முட்ட இருந்துச்சு தம்பி. தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்" என்றார். பிறகு விட்டார். மேலாளர் தோல்பையைத் தரையிலேயே விட்டுவிட்டு நடந்து வீட்டுக்குப் போனார்.

திரும்பும்போது அக்கா பின்சீட்டில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஷேக் முகமது பின் சாயித் ரோட்டில் சனிக்கிழமை நெரிசல். வண்டி நகர நகர அக்காவின் கோபமும் நகர்ந்துகொண்டே வந்தது.

"எதுக்கு மறைச்சீரு?"

"ஒனக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான்."

"எனக்கா சங்கடம்? ஒமக்குத்தான் வெக்கம். தொரத்திட்டான்னு சொல்ல வெக்கம். அதுக்கு என்னய ஒரு மாசம் பேய் மாதிரி கத்த விட்டீரு. நான் ஏசுனதெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தீரே, ஒரு நாளாவது நிறுத்துன்னு சொன்னீரா? நான் யார ஏசிருக்கணும்? சொல்லும், யார ஏசிருக்கணும்?"

கண்ணாடியில் பார்த்தேன். அண்ணாச்சி அழுதுகொண்டிருந்தார். அக்கா சேலைத் தலைப்பை அவர் மடியில் வீசிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் பிளாட் வாசலில் வண்டியை நிறுத்தியதும் இறங்கினார். கார்க் கதவை ஓங்கிச் சாத்தினார்.

திங்கள்கிழமை மேலாளர் என்னைக் கூப்பிட்டு, நான் நடந்துகொண்ட விதம் தொழில்முறையானது இல்லை என்றார். நான் மறுபடியும் முடியாது என்றேன். சரி என்று தலையாட்டினார். மதியமே ஸ்டோர் மெயில்கள் எல்லாம் என் பெயருக்கு வர ஆரம்பித்துவிட்டன. அவருக்கு முடியாது என்கிற சொல் காதில் விழாது என்று அப்போதுதான் முழுவதும் விளங்கியது. குளிர்காலம் முடிவதற்குள் அபுதாபியில் வேறு வேலை பார்த்துக்கொண்டு போனேன். போகும்போது எனக்கும் ஒரு விருந்து வைக்கிறேன் என்றார். வேண்டாம் என்று எழுதியே கொடுத்தேன்.

அண்ணாச்சிக்கு விசா முடியுமுன் மஸ்கட்டில், ரூவி பகுதியில், ஊர்க்காரர் ஒருவரின் ஹார்டுவேர் கடையில் இடம் கிடைத்தது. அக்காவும் கூடவே போனார். பல மாதம் என்னிடம் பேசவில்லை. ஒரு நாள் அவராகவே போன் செய்து, அங்கேயும் டியூஷன் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள் என்றார். "ஒன் மேல கோவமில்லம்மா. ஒன்னய அவரு கண்ணக் காட்டி அமத்திட்டாருன்னு சொன்னாரு. அவர் மேலதான் இன்னும் தீரல" என்றார். பின்னால் அண்ணாச்சி ஏதோ சொல்வது கேட்டது. "நீங்க சும்மா இரிங்க" என்று அவரை அடக்கிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

எனக்கும் தீரவில்லை. கம்பெனிகள் ஆளை வேலையிலிருந்து நிறுத்துகின்றன. இந்த ஊரில் அது யாருக்கும் புதிதில்லை, எனக்கே நாளை நடக்கலாம். நிறுத்திவிட்டுப் போயிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். நிறுத்திய கையால் தட்டை நீட்டி, நன்றி சொல்லச் சொன்னதுதான் ஆறவில்லை.

பேச்சுக்கு முன்னால் அந்த மேசையில் ஒரு படம் எடுத்திருக்கிறார்கள். கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தில் அதைப் போட்டு, எங்கள் குடும்பம் என்று எழுதியிருக்கிறார்கள். அண்ணாச்சி கையில் ஒரு தட்டு, அக்கா பட்டுச்சேலையில் சிரிக்கிறார், நானும் சிரிக்கிறேன். அந்தப் படத்தை நீக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினேன். பதில் இல்லை. அக்காவிடம் சொன்னபோது, "கெடக்கட்டும் விடும்மா, நான் அதுல நல்லாத்தான் விழுந்துருக்கேன்" என்றார்.

என்னால் விடமுடியவில்லை. இந்த வாரமும் எழுதியிருக்கிறேன்.